கையெழுத்துபோல் ஓர் எழுத்துரு: எங்கே போடலாம், எங்கே கூடாது?



பொங்கல் விழா, மே 16 ஆசிரியர் தினம், விளையாட்டுப் போட்டி என்று எது வந்தாலும் பள்ளி வாசலில் ஒரு பதாகை ஏறிவிடும். அதில் மலாய் வரி துள்ளலான எழுத்தில் இருக்கும். ஆங்கில வரியும் அப்படித்தான். தமிழ் வரி மட்டும் கணினியில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண எழுத்தில், மெலிந்துபோய் ஓரமாக நிற்கும். "சார், தமிழுக்கு இந்த மாதிரி எழுத்து இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வது?

இருக்கிறது என்று சொல்லலாம். கையால் எழுதியதுபோல் சாய்ந்தும், தடித்தும், துள்ளியும் நிற்கும் தமிழ் எழுத்துருக்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை கைக்கு வந்தவுடன் பயிற்சித்தாள், தேர்வுத்தாள், ஆண்டு 1 எழுத்து அட்டை என எல்லாவற்றிலும் போட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்த எழுத்துருக்கள் எப்படி உருவாகின்றன, எந்த இடத்துக்குப் பொருந்தும், எப்படிச் சோதிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பகுதி உண்டு.

1. தலைப்பு எழுத்துரு, பாட எழுத்துரு

எழுத்துருக்களைப் பயன்பாட்டை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். பாட எழுத்துரு பக்கம் பக்கமாகப் படிப்பதற்கானது. அதைப் படிக்கும்போது எழுத்தின் வடிவம் நம் கவனத்துக்கே வராது. பொருள்தான் மனத்தில் பதியும். தலைப்பு எழுத்துரு அதற்கு நேர்மாறு. முதலில் கண்ணைப் பிடித்து இழுப்பதுதான் அதன் வேலை. "இது விழா", "இது சிறுவர் பகுதி" என்று வாசிப்பதற்கு முன்பே சொல்லிவிடும். ஒரே சொல்லை அதட்டலாகவும் சொல்லலாம், கொஞ்சலாகவும் சொல்லலாம் அல்லவா? எழுத்துருவும் அப்படி ஒரு குரல்தான்.

கையெழுத்து வடிவ எழுத்துரு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மூன்று முதல் ஆறு சொற்கள் வரை அழகாக இருக்கும். முழுப் பத்தி என்றால் கண் களைத்துவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு காமிக் சேன்ஸ். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் வேலை செய்த வின்சென்ட் கொன்னாரே 1994இல் அதை வடிவமைத்தார். ஒரு மென்பொருளில் கார்ட்டூன் நாய் பேசும் வசனம் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் இருந்ததைப் பார்த்து, நாய்க்கு இந்த எழுத்து ஒட்டவில்லையே என்று நினைத்ததுதான் தொடக்கம். படக்கதை வசனத்துக்காகப் பிறந்த எழுத்து பின்னர் அறிவிப்பு, கடிதம், எச்சரிக்கைப் பலகை என்று எங்கும் பரவியது. அதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். ஆனால் எழுத்துருவில் பிழையில்லை. போட்ட இடம்தான் பிழை.

நம் பள்ளிகளில் இன்னொன்றும் நடக்கிறது. தமிழ்ப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவைக் காமிக் சேன்ஸ் என்று மாற்றுவோம். தமிழ் எழுத்தில் ஒன்றும் மாறாது. காரணம், காமிக் சேன்ஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. இல்லாத எழுத்துக்குப் பதிலாகக் கணினி தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. விண்டோஸ் கணினியில் அது பெரும்பாலும் லதாவாகவோ நிர்மலாவாகவோ இருக்கும். பதாகையில் மலாய் துள்ள, தமிழ் துள்ளாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

2. தமிழில் என்ன இருக்கிறது?

தமிழ் எழுத்துருத் துறையில் மலேசியருக்குத் தனி இடம் உண்டு. முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். ஆப்பிள் கருவிகளில் இருக்கும் இணைமதி, தமிழ் சங்கம் எம்.என். ஆகியவை அவர் வடிவமைத்தவை. அந்தப் பெயரின் இறுதியில் வரும் எம்.என். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே. ஆனால் இவை பெரும்பாலும் படிப்பதற்கான எழுத்துருக்கள்.

துள்ளலான தலைப்புக்கு கூகுள் எழுத்துருத் தொகுப்பில் உள்ள இரண்டைப் பார்க்கலாம்.

முதலாவது கவிவாணர். இலங்கையைச் சேர்ந்த வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கியது. தமிழ்க் கையெழுத்தின் சாய்வும் வளைவும் இதில் இருக்கின்றன. ஒரே தடிமன்தான் கிடைக்கும். வாழ்த்து அட்டை, கவிதைத் தலைப்பு, அழைப்பிதழ் ஆகியவற்றுக்குப் பொருத்தம்.

இரண்டாவது பலூ தம்பி. மும்பையின் எக் டைப் குழு உருவாக்கியது. பலூன்போல் உப்பி, மூலைகள் மழுங்கி இருக்கும். பல இந்திய எழுத்துகளுக்கும் இதே குடும்பம் விரிகிறது. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, தமிழுக்குத் தம்பி என்று எல்லாமே உடன்பிறப்புப் பெயர்கள். இதன் அடுத்த பதிப்பான பலூ தம்பி 2 ஐந்து தடிமன்களில் உள்ளது. சிறுவர் நிகழ்ச்சிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் நன்றாக இருக்கும்.

இரண்டும் திறந்த உரிமத்தில் வெளிவந்தவை. பள்ளிப் பதாகைக்கும் பயன்படுத்தலாம், விலைக்கு விற்கும் பயிற்சி நூலுக்கும் பயன்படுத்தலாம். யாரிடமும் காசு கட்ட வேண்டாம். எழுத்துருவை மட்டும் தனியே எடுத்து விற்கக் கூடாது, அவ்வளவுதான். டெலிமா கணக்கு வைத்திருப்பவர்கள் கூகுள் டாக்ஸ், சிலைட்ஸ் ஆகியவற்றில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, மேலும் எழுத்துருக்கள் என்ற இடத்துக்குப் போய், தமிழ் எழுத்து வகையைத் தேர்ந்தெடுத்தால் இவற்றைப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது தமிழில் ஏன் இவ்வளவு குறைவு? வேலை அதிகம் என்பது ஒரு முக்கியக் காரணம். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, ஆக 52 வடிவங்கள் வரைந்தால் அடிப்படை முடிந்தது. தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனியாக வரைந்து சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கு, சு, டு, து, ரு என்று பாருங்கள். உகரக் குறி எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் 18 × 2 = 36 வடிவங்கள் தேவை. டி, டீ போன்றவை தனி. அதற்குமேல் ஜ, ஷ, ஸ, ஹ. இத்தனையும் ஒரே கையால் எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்றால் சும்மா இல்லை.

3. கருவி மாறினால் எழுத்தும் மாறும்

எழுத்தின் வடிவத்தோடு விளையாடுவது புதிதல்ல. எழுதும் கருவியும் பொருளும் மாறும்போதெல்லாம் வடிவமும் மாறியிருக்கிறது. இதற்குச் சான்று தேட கெடாவில் இருப்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். பூஜாங் பள்ளத்தாக்கு வட்டாரத்தில் கிடைத்த பழைய கல்வெட்டுகளில் சில, பல்லவ எழுத்தில் சமஸ்கிருத மொழியில் பொறிக்கப்பட்டவை. உளி கல்லில் வெட்டிய கோடு அது. ஓலையில் இரும்பு எழுத்தாணி இழுத்த கோடு வேறு மாதிரி. மணிலா அட்டையில் மார்க்கர் பேனா இழுக்கும் கோடு இன்னொரு மாதிரி.

ஓலைக்காலம் நமக்கு ஒரு முக்கியப் பாடம் சொல்கிறது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்திருந்தும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. ஓலை கிழியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓலையில் 'கரம்' என்று இருப்பதைக் 'காம்' என்றும் படிக்கலாம். இடம் அறிந்து, பொருள் அறிந்துதான் படிக்க வேண்டும். அதனால்தான் ஓலை படிப்பதே ஒரு தனிப் பயிற்சியாக இருந்தது.

வீரமாமுனிவர் (1680–1747) எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கினார். 1978இல் தமிழ்நாட்டு அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளைச் சீர்படுத்தியது. நம் பாடநூல்களும் அந்தச் சீர்திருத்த வடிவத்தையே பின்பற்றுகின்றன. படிப்பவர் தடுமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பல தலைமுறைகள் பாடுபட்டு வந்து சேர்ந்த இடம் இது. ஒரு துள்ளல் எழுத்துருவை முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்து மாதிரியாகக் கொடுத்தால், அந்தத் தெளிவை நாமே கலைத்துவிடுகிறோம்.

4. சிக்கல் வரும் இடங்கள்

தமிழில் ஒரு சிறு சுழி எழுத்தையே மாற்றும், ஒரு புள்ளி சொல்லையே மாற்றும். துள்ளல் எழுத்துரு விளையாடுவதும் அந்தச் சின்னச் சின்னக் கோடுகளோடுதான். கீழ்க்காணும் இடங்களைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்.

• ன, ண: இரண்டு சுழியா, மூன்று சுழியா? எழுத்து தடிக்கும்போது சுழிகள் ஒட்டிக்கொள்ளும். மனம் மணமாகிவிடும்.

• புள்ளி: அலங்காரமாக மிகச் சிறியதாகவோ, பக்கத்து எழுத்தின்மேல் நகர்ந்தோ இருந்தால் பல் 'பல' ஆகிவிடும்.

• ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு: மேல், மெல், பேய், பெய், கோல், கொல். கொம்பின் மேல்சுழி தெளிவாக இல்லையென்றால் பொருளே தலைகீழ்.

• கால், ரகரம்: ரகரத்தின் அடியிலுள்ள சாய்கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

• இகரம், ஈகாரம்: விடு, வீடு. மேல்விலங்கின் முனையில் வரும் சுழிதான் வேறுபாடு.

• உகரம், ஊகாரம்: முடி, மூடி, சுடு, சூடு.

• ழ, மு: வேகமாக எழுதிய கையெழுத்தைப்போல் வடிவமைத்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம்.

• ஐ, ஜ: தனித்து நிற்கும்போது புதிதாகப் படிப்பவர் குழம்புவர்.

பெரியவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. நாம் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை, சொல்லாகப் படிக்கிறோம். தலைப்பில் 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று இருந்தால் பாதி எழுத்து மறைந்திருந்தாலும் படித்துவிடுவோம். பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அது ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துத்தான் சொல்லுக்கு வர வேண்டும். வீட்டில் தமிழ் எழுத்தையே பார்க்காத பிள்ளை என்றால் பள்ளி காட்டும் வடிவம்தான் அதற்கு ஒரே மாதிரி.

5. கெடா ஊர்ப்பெயர்ச் சோதனை

புது எழுத்துரு கிடைத்தால் 'அ ஆ இ ஈ' அடித்துப் பார்ப்பது போதாது. நம் மாநில ஊர்ப்பெயர்களையே ஒரு வரியாக அடித்துப் பாருங்கள்:

கெடா, சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பீடோங், பாடாங் செராய், மெர்போக், ஜித்ரா, அலோர் ஸ்டார்

இந்த ஒரு வரியே பாதிச் சோதனையை முடித்துவிடும். கெடாவில் ஒற்றைக்கொம்பும் காலும், பீடோங்கில் இரட்டைக்கொம்பும் ஈகாரமும் இருக்கின்றன. கூலிமும் லூனாஸும் ஊகாரத்தைக் காட்டும். செராயில் ரகரத்தின் பக்கத்திலேயே கால் வருகிறது. அலோர் ஸ்டாரில் காலின் பக்கத்தில் ர் வருகிறது. இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்றால் அந்த எழுத்துரு தேறவில்லை. ஜித்ராவும் ஸ்டாரும் கிரந்த எழுத்து இருக்கிறதா என்று சொல்லிவிடும். அது இல்லாத எழுத்துருவில் அந்த ஓர் எழுத்து மட்டும் வேறு வடிவில், ஒட்டாமல் நிற்கும்.

இரண்டாவதாக இந்த வாக்கியத்தை அடியுங்கள்:

ஔவையும் ஞானமும் ஈரமண்ணில் ஊன்றிய ஏழு வாழைகளின் இலையை எஃகு வேலியோரம் ஐந்து ஆடுகள் ஒன்றாக உண்டு, ஓய்ந்து, அங்கேயே அசைபோட்டன.

இதில் உயிர் 12, ஆய்தம், மெய் 18 (தனியாகவோ உயிர்மெய்யாகவோ) எல்லாம் இருக்கின்றன. அச்சிட்டு, ஆறடி தள்ளி ஒட்டி, இதுவரை அந்த வாக்கியத்தைப் பார்க்காத ஒரு மாணவரைப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் குறை.

6. அச்சுக்கடைக்குப் போகும்முன்

"கணினியில நல்லாத்தான் இருந்துச்சு, பதாகையில உடைஞ்சிருச்சே!" பல பள்ளிகளில் கேட்கும் குரல் இது. காரணத்தைப் புரிந்துகொண்டால் தவிர்க்கலாம்.

யூனிகோடு முறையில் 'கெ' என்ற எழுத்தைக் கணினி முதலில் க, அடுத்துக் கொம்பு என்றே சேமிக்கிறது. திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னால் நகர்த்துகிறது. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பு இயக்கப்படவில்லை என்றால் இந்த நகர்த்தல் நடக்காது. கொம்பு பின்னால் போய்விடும். நம் மாநிலத்தின் பெயரே கொம்பில்தான் தொடங்குகிறது. முதலில் அடிபடுவதும் அதுதான்.

எனவே கோப்பைப் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுங்கள். அப்போது எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். கடைக்காரரின் கணினியில் அது இல்லாவிட்டாலும் கவலையில்லை. அச்சேறும் முன் ஒரு மாதிரிப் படத்தைப் புலனத்தில் அனுப்பச் சொல்லி, தமிழ் தெரிந்தவர் ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

பாமினி போன்ற பழைய குறியீட்டு முறை எழுத்துருக்களிலும் அழகான வடிவங்கள் உண்டு. ஆனால் அவற்றில் அடித்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். புதிதாகச் செய்யும் எதற்கும் யூனிகோடு எழுத்துருவையே தேர்ந்தெடுங்கள்.

தட்டச்சிலும் ஒரு கவனம். 'ஔவை' என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து 'ஒளவை' ஆக்கிவிடுகிறோம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கணினிக்கு வேறு சொல். தேடினால் கிடைக்காது. தலைப்பு எழுத்துருவில் போட்டால் ளகரம் பெரிதாகி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

7. எங்கே போடலாம், எங்கே கூடாது

போடலாம்: விழாப் பதாகை, வாழ்த்து அட்டை, காட்சிப் பலகைத் தலைப்பு, பள்ளி ஆண்டிதழின் பகுதித் தலைப்பு, கதை நூலின் அட்டை, நற்சான்றிதழில் 'வாழ்த்துகள்' என்ற ஒரு சொல்.

கூடாது: எழுத்து அறிமுக அட்டை, பயிற்சித்தாளின் பத்தி, கருத்துணர் பகுதி, தேர்வு வினா, பெற்றோருக்கான அறிவிப்பின் உள்ளடக்கம், சான்றிதழில் மாணவரின் பெயர். பெயரில் ன, ண மயங்கினால் அது வாழ்நாள் முழுக்க நிற்கும் பிழை.

ஒரு பக்கத்தில் துள்ளல் எழுத்துரு ஒன்று போதும். அதன் கீழே அமைதியான பாட எழுத்துரு வர வேண்டும். கல்யாண வீட்டில் எல்லாருமே மாப்பிள்ளை உடையில் நின்றால் மாப்பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மும்மொழிப் பதாகையில் தமிழ் வரிக்கு இடம் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். தமிழ் எழுத்துக்கு மேலே விலங்கும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் உண்டு. அதே அளவில் நெருக்கிப் போட்டால் மேல்வரியோடு இடித்துக்கொள்ளும்.

8. தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தமிழ்த்தாளில் உங்கள் எழுத்துரு உங்கள் கைதான். திருத்துபவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை; மனத்தில் என்ன நினைத்தீர்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. தாளில் இருப்பதை மட்டுமே படிக்கிறார். நீங்கள் ண என்று நினைத்து எழுதியது அவருக்கு ன என்று தெரிந்தால், எழுத்துப்பிழை என்று கருத இடமுண்டு.

அழகாக எழுத வேண்டும் என்று சாய்த்து, வளைத்து, வால் நீட்டி எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. வாழ்த்து அட்டையில் எழுதுங்கள், நன்றாக இருக்கும். தேர்வில் வேண்டாம். பழைய கட்டுரை ஒன்றை எடுத்து இவற்றைச் சோதியுங்கள்:

• ஒவ்வொரு ணகரத்திலும் மூன்று சுழி எண்ண முடிகிறதா?

• புள்ளி உரிய எழுத்தின் தலைக்கு நேராக இருக்கிறதா?

• கொம்பு ஒற்றையா இரட்டையா என்பது ஒரு பார்வையில் தெரிகிறதா?

• காலும் ரகரமும் வேறுபடுகின்றனவா?

• சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஓர் எழுத்தளவு இடம் இருக்கிறதா?

பிறகு அந்தக் கட்டுரையை நண்பரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் சொல்லை வட்டமிட்டு, அந்த எழுத்தை மட்டும் தினம் ஒரு வரி எழுதிப் பழகுங்கள். நேரம் நெருக்கும் கடைசிப் பத்தியில் உங்கள் கை எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலோருக்கு எழுத்து கெடுவது அங்கேதான்.

9. வகுப்பில் செய்துபார்க்க

மாணவர்களைக் குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் உள்ள கடைப்பலகை, கோயில் திருவிழா அறிவிப்பு, தோட்டத்துப் பெயர்ப்பலகை ஆகியவற்றில் மூன்றைப் படமெடுத்து வரட்டும். எது கையால் எழுதியது, எது கணினி எழுத்துரு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு குறிப்பு கொடுக்கலாம்: 'பட்டாணி' என்ற சொல்லில் ட், டா என்று டகரம் இருமுறை வருகிறது. கையால் எழுதியிருந்தால் இரண்டும் கொஞ்சமாவது வேறுபடும். எழுத்துருவாக இருந்தால் பெரும்பாலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே.

அடுத்து, தங்கள் பள்ளியின் பெயரைத் தாங்களே துள்ளலாக எழுதட்டும். விதி ஒன்றுதான்: எவ்வளவு வேண்டுமானாலும் வளைக்கலாம், ஆனால் பக்கத்து வகுப்பு மாணவர் ஒருமுறை பார்த்தவுடன் தவறின்றிப் படிக்க வேண்டும். எந்தக் கோட்டை மாற்றலாம், எந்தக் கோட்டைத் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைகள் நாம் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த விழாப் பதாகையில் தமிழ் வரியும் மற்ற மொழிகளுக்கு ஈடாகத் துள்ளட்டும். மறுநாள் காலை ஆண்டு 1 வகுப்பில் கொடுக்கும் தாளில் மட்டும் ணகரத்துக்கு மூன்று சுழியும் தெளிவாக இருக்கட்டும்.